பழைய ரூட் கேனாலைத் திரும்பத் திறந்து லேசர் வைத்தார்கள்

கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கேனால் செய்து கேப்பும் போட்டு சில வருஷம் ஆச்சு. இந்த வருஷம் அதே பல்லுக்குக் கீழே ஈறில் ஒரு கொப்புளம், அமுக்கினால் சீழ். வலி அவ்வளவாக இல்லை, அதனாலேயே பலர் தள்ளிப்போடுகிறார்கள். மண்டபத்தில் விசைப்படகில் போகிறவன் நான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், பல்லைப் பார்க்க அதை விட்டால் ஆகாது (கையில் நேரம் இருக்கும், காசுதான் இருக்காது).

ராமநாதபுரத்தில் எடுத்த எக்ஸ்ரேயில் வேர் நுனியில் கறுப்பு நிழல். வேர் சிகிச்சைக்கென்றே படித்த டாக்டர் மதுரையில் இருக்கிறார், லேசரும் வைத்திருக்கிறார் என்று அனுப்பிவிட்டார்கள். லேசர் என்றதும் மருந்து ஊற்றிக் கழுவுகிற வேலையெல்லாம் மிச்சம் என்று நினைத்து அதையே கேட்டேன். "அப்படி யாராவது சொன்னா நம்பாதீங்கண்ணே, கழுவுறதுதான் முதல் வேலை, லேசர் அதுக்கு மேல" என்றார் மதுரை டாக்டர்.

அவர் சொன்ன விஷயம் இது. வேர்க் குழாயின் சுவர் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள். கிருமி அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், அதிலும் என்டெரோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்று ஒன்று, தோற்றுப்போன ரூட் கேனால்களில் அடிக்கடி அகப்படுவது, சாப்பாடே இல்லாமல் நெடுநாள் தாக்குப்பிடிக்கும். கழுவுகிற மருந்தான சோடியம் ஹைப்போகுளோரைட்டை ஊற்றினால் சுவருக்குள் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் இறங்குமாம். ஒளி அதைத் தாண்டிப் போகும்.

எல்லா லேசரும் ஒன்று இல்லை. எனக்கு வைத்தது 980 நானோமீட்டர் அலைநீள டயோடு, சூட்டால் கிருமியைக் கொல்வது. எர்பியம் வகை 2940 நானோமீட்டர், அதைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சும் என்பதால் குழாயில் நிற்கும் மருந்துக்குள் குமிழி வெடித்து மருந்தையே உள்ளே தள்ளும். எது வைக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உண்மையில் பொறுமையைச் சோதித்தது லேசர் இல்லை, குழாயில் முன்பு அடைத்திருந்த கட்டாபெர்ச்சாவை (ரப்பர் மாதிரி ஒரு பொருள்) தோண்டி எடுத்ததுதான். எச்சில் உள்ளே போகாதபடி பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட் மாட்டி, வாயைத் திறந்தபடியே கிடந்தேன், தாடை விட்டுப்போச்சு. பிறகு குழாயைச் சுரண்டும் ஃபைல், ஹைப்போகுளோரைட் (ப்ளீச்சிங் பவுடர் வாடை), நடுவில் சுவரில் ஒட்டிய படிவைக் கரைக்கிற இடிடிஏ, திரும்பக் கழுவல். அதெல்லாம் முடிந்துதான் எனக்கும் அவருக்கும் உதவியாளருக்கும் கண்ணாடி மாட்டிவிட்டு, மயிர் போன்ற ஃபைபரை நுனிக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தி, சுழற்றிக்கொண்டே மேலே இழுத்தார். ஒரே இடத்தில் நிறுத்தினால் வேரின் வெளிப்பக்கம் சூடேறி எலும்பு கெடும், 10 டிகிரி ஏறினாலே ஆபத்தாம். ஒவ்வொரு குழாய்க்கும் சில விநாடி, இடைவெளி விட்டுத் திரும்ப. மரத்துப்போயிருந்ததால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அன்றைக்கே அடைக்கவில்லை. கிருமியை அடக்கும் மருந்தாகக் கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்து மூடி அனுப்பினார். அடுத்த முறை போனபோது கொப்புளம் அமுங்கியிருந்தது, அதற்கப்புறம்தான் நிரப்பினார்.

லேசருக்குத் தனியாகப் பணம் வாங்கினார்கள். கொப்புளம் போனது லேசராலா, ஒழுங்காகக் கழுவியதாலா என்று கேட்டால், பிரித்துச் சொல்ல முடியாது என்று டாக்டரே சொன்னார், ஆய்வுகளும் இதில் ஒரே முடிவுக்கு வரவில்லையாம். என்னைக் கேட்டால், ரப்பர் ஷீட் மாட்டாமல் லேசர் மட்டும் காட்டுகிற இடத்தைவிட, லேசரே இல்லாமல் நிதானமாகக் கழுவுகிற டாக்டரிடம் போவேன். இப்போது புது கேப் போட்டாச்சு. எலும்பு நிரம்பியிருக்கிறதா என்று ஆறு மாதம் கழித்து எக்ஸ்ரே எடுக்க வரச் சொல்லியிருக்கிறார்.