கறிவேப்பிலையில் ஒட்டியிருக்கும் எச்சம்

பூச்சி பார்க்கக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. தொட்டியில் ஒரு கறிவேப்பிலைச் செடி போதும்; மருந்து மட்டும் அடிக்கக் கூடாது. எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி என்ற இரண்டு வண்ணத்துப்பூச்சிகளும் முட்டையிட இதைத் தேடி வரும். எலுமிச்சை, நாரத்தை, வில்வம் இருந்தாலும் வரும்.

வெயில் ஏறியதும் செடியருகே நின்று பாருங்கள். தாய்ப்பூச்சி இலையில் ஆற அமர உட்காராது. சிறகடித்தபடியே முன்னங்கால்களால் இலையைத் தட்டிச் சுவை அறியும். பிறகு வயிற்று நுனியை வளைத்து ஒரே ஒரு முட்டையை ஒட்டிவிட்டு அடுத்த தளிருக்குத் தாவும். முட்டை வெளிர்மஞ்சள் உருண்டை, சுமார் 1 மி.மீ.

சில நாளில் வெளிவரும் புழுவைப் பலரும் கண்டுகொள்வதே இல்லை. கரும்பழுப்பு உடம்பு, நடுவில் வெள்ளைத் திட்டு. பார்த்தால் அசல் பறவை எச்சம். தோலுரித்துத் தோலுரித்து வளரும் புழுவுக்கு முதல் நான்கு பருவம் இந்த வேடம்தான். நான்காவது முறை தோலுரித்ததும் பச்சையாகிவிடும். அதிகம் தின்பதும் அப்போதுதான். "நேத்து நல்லா இருந்த செடி மொட்டையாயிடுச்சே" என்ற புலம்பல் கிளம்புவதும் அப்போதுதான். செடி சிறியதென்றால் இரண்டு புழுவை விட்டுவிட்டு மற்றதை எலுமிச்சைக்கு மாற்றிவிடலாம். புல்நுனியால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவைபோல் ஒரு செங்கொம்பை நீட்டும், நெடியடிக்கும். ஒருமுறை பார்த்தால் போதும், சும்மா சீண்டாதீர்கள்.

டப்பாவில் வளர்ப்பதைவிடச் செடியில் விட்டுப் பார்ப்பதே மேல். குழந்தைகள் கேட்கிறார்கள் என்றால், வாய்க்கு வலை கட்டிய அகலமான டப்பா எடுங்கள். இலைக்கொத்தைத் தண்ணீர்க் குப்பியில் செருகி, குப்பியின் வாயைப் பஞ்சால் அடையுங்கள். இல்லாவிட்டால் புழு உள்ளே விழுந்து செத்துப்போகும். கழிவைத் தினமும் கொட்ட வேண்டும். ஈரம் தேங்கினால் பூஞ்சணம் பிடிக்கும், புழு கறுத்துத் துவண்டுவிடும். கடையில் வாங்கிய கறிவேப்பிலை வேண்டவே வேண்டாம். கழுவினாலும் மருந்து முழுக்கப் போகாது.

தீனியை நிறுத்திவிட்டு, நீர்த்த கழிவு போட்டு அங்குமிங்கும் அலைந்தால் கூட்டுப்புழுவாகப் போகிறது என்று அர்த்தம். டப்பாவில் ஒரு குச்சியைச் சாய்த்து வையுங்கள். தானே நூற்ற பட்டுத்திண்டில் வாலை ஊன்றி, இடுப்பில் ஒரு நூல் சுற்றிக்கொள்ளும். இடத்தைப் பொறுத்து கூடு பச்சையாகவோ பழுப்பாகவோ அமையும். கூட்டில் பொடி ஓட்டை தெரிந்தால், பூச்சியின் உடம்புக்குள் முட்டையிட்டு அதைத் தின்று வளரும் ஒட்டுண்ணிக் குளவி முந்திக்கொண்டது. அதுவும் தோட்டத்துக் கணக்கில் சேர்த்திதான்.

வெளிவரும் முன் கூட்டுக்குள் இறகின் நிறம் தெரியும். வந்ததும் தொங்கி இறகை விரிக்க இடம் வேண்டும். இடித்தால் சுருங்கியே காய்ந்துவிடும்.

கறுப்பில் மஞ்சள் புள்ளிகள், வால் இல்லை என்றால் எலுமிச்சை அழகி. வாலும் பின்னிறகில் வெள்ளைப் பட்டையும் இருந்தால் கறிவேப்பிலை அழகி. இதன் பெண்களில் சில, பறவைகள் தின்னாத ரோஜா அழகியைப்போல் சிவப்புத் திட்டோடு வரும். அப்போது உடம்பைப் பாருங்கள்: ரோஜா அழகிக்கு உடம்பும் சிவப்பு, இதற்குக் கறுப்பு.