ஜன்ஸ்கார் பயணத்தில் காலியாக விட்ட நாட்கள்

வரும் ஆகஸ்டில் நண்பர்கள் ஆறு பேர் லடாக் சென்று, பாதும் ஊருக்கு அருகில் காற்றடைத்த ரப்பர் படகான ராஃப்டில் ஏறி, ஜன்ஸ்கார் ஆறு சிந்து நதியோடு கலக்கும் நிம்முவில் கரையேறுவதென்று முடிவு செய்திருக்கிறோம். ஆற்றில் இருக்கப்போவது 5 நாட்கள்தான், ஆனால் நான் எல்லோரையும் 15 நாட்கள் விடுப்பு எடுக்கச் சொல்லியிருக்கிறேன். இந்தக் கணக்கு இருவருக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. அவர்களுக்குச் சொன்னதையே இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதல் 3 நாட்கள் லே நகரில் ஓய்வுக்கு. லே ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விமானத்தில் போய் இறங்குகிறவருக்குத் தலைவலியும் குமட்டலும் தூக்கமின்மையும் வருவது சாதாரணம். அந்த நிலையிலேயே துடுப்புப் போடப் போகிறவர் தன்னோடு படகில் இருக்கும் மற்றவர்களையும் ஆபத்தில் இழுத்துவிடுகிறார். அடுத்த 2 நாட்கள் கார்கில் வழியாகப் பாதுமுக்குச் செல்லும் சாலைப் பயணத்துக்கு. நிம்முவிலிருந்து பாதும் வழியாக இமாச்சலப் பிரதேசத்தின் தார்ச்சா வரை செல்லும் 298 கிலோமீட்டர் சாலை 2024-இல் இணைக்கப்பட்டுவிட்டது; குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மேல் நாள்கணக்கில் நடந்தே வெளியுலகை எட்ட வேண்டியிருந்த ஜன்ஸ்கார் மக்களுக்கு அது எத்தனை பெரிய ஆறுதல் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் நாங்கள் பழைய வழியிலேயே போகிறோம். கார்கில் லேயைவிடத் தாழ்வான இடம் என்பதால் அங்கே ஓர் இரவு தங்கினால் உடம்புக்கு நல்லது; அதோடு, 4,400 மீட்டர் உயரமுள்ள பென்சி லா கணவாயில் நின்றால் டிராங் டுரங் பனியாறு கண்ணெதிரே தெரியும். அதன் உருகுநீரில் பிறக்கும் ஸ்டோட் ஆறு பாதும் அருகே சாரப் ஆற்றோடு சேர்ந்துதான் ஜன்ஸ்கார் ஆகிறது. எந்தத் தண்ணீரில் இறங்கப் போகிறோமோ அது பிறக்கும் இடத்தை முன்னதாகப் பார்த்துவிட வேண்டும் என்பது என் விருப்பம்.

ஆறாம் நாள் பாதுமில் சாமான்களைச் சரிபார்க்க. ஏழாம் நாள் ஆற்றில் இறங்குகிறோம்.

பனி உருகி ஓடும் ஆற்றுக்கு அன்றாடம் ஓர் ஏற்ற இறக்கம் உண்டு. நண்பகல் வெயிலில் மலையுச்சியில் உருகும் நீர் பள்ளத்தாக்குக்கு வந்துசேரப் பல மணி நேரம் ஆவதால், காலையில் அடங்கி ஓடும் ஆறு மாலையிலோ இரவிலோ ஏறிவிடும். ஆகையால் முகாம் போட்டதும் நீர் விளிம்பில் ஒரு கல்லை அடையாளமாக வைத்து, தூங்கப் போகுமுன் அது நனைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ராஃப்டை மணலில் அடித்த முளையில் கட்டாமல் அசையாத பாறையில் கட்ட வேண்டும். பக்கவாட்டு ஓடைகள் வந்து விழும் வாயில் எவ்வளவு அழகான சமதரை கிடைத்தாலும் கூடாரம் அடிக்கவே கூடாது. 2010 ஆகஸ்டில் ஒரே இரவில் லேயைச் சூறையாடிய மேகவெடிப்பை நினைத்துப் பார்த்தால் இதன் காரணம் விளங்கும். மழை மட்டுமே ஆபத்து என்றும் இல்லை. 2014 டிசம்பர் 31 அன்று புக்தல் அருகே மலை சரிந்து, ஜன்ஸ்காரில் வந்து சேரும் ஆற்றை மறித்ததில் பின்னால் ஏரியே உருவாகி, 2015 மே 7 அன்று அது உடைத்துக்கொண்டு பாய்ந்து பாலங்களை அடித்துச் சென்றது. மேல்நிலவரம் சரியில்லை என்று கைடு சொன்னால் ஒரு நாளோ இரண்டு நாளோ கரையிலேயே காத்திருக்க நமக்கு முடிய வேண்டும். கடைசியில் நான் காலியாக விட்டிருக்கும் 3 நாட்களும் அதற்காகத்தான்; மீதமுள்ள ஒரு நாள் ஊர் திரும்ப. விமான டிக்கெட்டை எண்ணிக்கொண்டு ஆற்றில் இறங்குகிறவர்கள் காத்திருக்க வேண்டிய நேரத்தில் காத்திருப்பதில்லை.

சாமான்களில் நான் விட்டுக்கொடுக்காதது லைஃப் ஜாக்கெட். சில ஆண்டுகளுக்கு முன் ரிஷிகேஷில் ஒரு நாள் பயணத்தில் படகிலிருந்து விழுந்தபோது, பக்கவார் தளர்ந்திருந்த ஜாக்கெட் மேலேறி என் தாடையை மூடிக்கொண்டது; மூக்கு நீருக்கு மேலே இருந்தும் மூச்சு விட முடியவில்லை. சில விநாடிகள்தான், ஆனால் இன்றுவரை மறக்கவில்லை. அதிலிருந்து வார்களை இறுக்கியதும் இன்னொருவரைத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்கச் சொல்கிறேன். ஜாக்கெட் காதுவரை வந்தால் அது பொருந்தவில்லை. ஜன்ஸ்கார் நீரின் குளிர் கைகால்களைச் சில நிமிடங்களிலேயே மரக்கச் செய்துவிடும் என்பதால் உடல் சூட்டைக் காக்கும் ரப்பர் உடையான வெட்சூட், ஹெல்மெட், குறைந்தது இரண்டு ராஃப்டுகள், விழுந்தவரை எட்டிப் பிடிக்க கயாக் எனும் ஒரு குறுகிய சிறு படகு ஆகியவை இல்லாமல் புறப்படுவதில்லை என்று ஏற்பாட்டாளரிடம் சொல்லிவிட்டேன்.

செயற்கைக்கோள் தொலைபேசியை இந்தியாவில் அனுமதியின்றி வைத்திருப்பதே குற்றம். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. ஆகையால் எங்கள் முகாம்களின் வரிசையையும், எந்த நாள் மாலைக்குள் நாங்கள் நிம்மு சேராவிட்டால் தேடத் தொடங்க வேண்டும் என்பதையும் எழுதி லேயில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போகிறோம். மலக்கழிவு உட்பட எங்கள் கழிவு எதுவும் கரையில் தங்காதபடி, மூடி இறுகும் பெட்டியில் அடைத்துத் திரும்பக் கொண்டுவருகிறோம்.

வரும் ஞாயிறு காலை ஆறு பேரும் நீச்சல் குளத்தில் ஜாக்கெட்டோடு குதித்து, கால்கள் நீரோட்டத் திசையில் முன்னே நீண்டிருக்க மல்லாந்து மிதப்பதைப் பழகப் போகிறோம். விடுப்புக் கணக்கு பிடிக்காத அந்த இருவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.