செல் துண்டும் பழைய எக்ஸ்ரேயும்

"தம்பி, உந்தப் பீஸ் ஓடி நெஞ்சுக்குள்ள போயிடுமோ?" இலங்கையின் வடக்கே வன்னியில் எக்ஸ்ரே எடுக்கும் என்னைப் போன்ற எவருக்கும் பழகிப்போன கேள்வி இது. யுத்தம் 2009 மே மாதம் முடிந்தது. உடம்பில் செல் (எறிகணை) துண்டோடு, இங்கத்தைய பேச்சில் 'பீஸோடு', வாழ்கிறவர்கள் கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு, மாங்குளம் என்று எல்லாப் பக்கமும் இருக்கிறார்கள். அவர்களுடைய கேள்வியை வீண் பயம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

துண்டு குருதியோடு ஓடி இதயத்துக்குப் போவது உண்மைதான், மிக அரிதாக. 1834இலேயே தோமஸ் டேவிஸ் என்ற மருத்துவர், காயப்பட்ட ஒரு சிறுவனின் இதயத்தின் வலது பக்கத்தில் மரத்துண்டு கிடந்ததை எழுதியிருக்கிறார். வியட்நாம் போரில் பதிவான சுமார் 7,500 குருதிக்கலன் காயங்களில் 22 பேருக்குத்தான் இப்படி நடந்தது. நாளத்துக்குள் (இதயத்துக்குக் குருதியைக் கொண்டுவரும் குழாய்) புகுந்த துண்டைக் குருதி இதயத்தின் வலது பக்கத்துக்கும் அங்கிருந்து நுரையீரலுக்கும் கொண்டுபோகும். பாரமான துண்டு ஓட்டத்துக்கு எதிராகக் கீழே இறங்குவதும் உண்டு. நாடிக்குள் (இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுபோகும் குழாய்) புகுந்தது பெரும்பாலும் காலுக்குப் போகும், சிலவேளை மூளைக்கு.

சன்னம் (துப்பாக்கிக் குண்டு) பட்டவரில் அது இப்படி ஓடியிருந்தால், உள்ளே போன ஓட்டை இருக்கும், வெளியே வந்த ஓட்டை இருக்காது, படத்தில் அந்த இடத்தில் சன்னமும் இருக்காது. அப்போது நெஞ்சு, வயிறு, கால் என்று முழு உடம்பையும் தேட வேண்டும். செல் காயத்தில் இந்தக் கணக்கு சரிவராது, ஒரே ஆளில் பொடிப்பொடியாகப் பல கிடக்கும். நெஞ்சுப் படத்தில் மற்றவை கூராகத் தெரிய, ஒன்று மட்டும் கலங்கித் தெரிந்தால் நான் உடனே டொக்டருக்குச் சொல்வேன். இதயத் துடிப்போடு அது அசைந்துகொண்டிருக்கலாம்.

சரி, இத்தனை வருடம் கழித்து? பெரும்பாலான துண்டுகளைச் சுற்றித் நார்த்திசு மூடிவிடும், அவை இடம்மாறுவது குறைவு. மாறியதா என்று உறுதியாகச் சொல்ல முதலில் எடுத்த படம் வேண்டும். அதுதான் இங்கே இல்லை. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழையே தொலைத்துவிட்டு ஓடிவந்தவர்களிடம் பழைய எக்ஸ்ரேயைக் கேட்க முடியுமா? ஆகவே இன்றைக்கு எடுப்பதையே முதல் படமாக வைக்கிறோம். கிளினிக் கொப்பியோடு சேர்த்துப் பத்திரப்படுத்தச் சொல்வேன். எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனால், உள்ளே பீஸ் இருப்பதை முதலே சொல்லிவிடுங்கோ என்பேன். இரும்பென்றால் அந்த இயந்திரத்தின் காந்தம் அசைத்துவிடலாம்.