மல்லாக்கப் படுக்காமல் பெற்ற பிள்ளை

முதல் பிரசவத்தில் எனக்குச் சொல்லித்தரப்பட்டது மொத்தமே இவ்வளவுதான்: மல்லாக்கப் படு, காலை மடக்கு, மூச்சைப் பிடித்து முக்கு. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை. வலி வரவைக்கும் ட்ரிப்ஸ் ஒரு கையில், குழந்தையின் இதயத்துடிப்பைப் பதிவு செய்யும் பெல்ட் வயிற்றைச் சுற்றி. வலி முழுக்க நடு இடுப்பில்தான். ஒருக்களித்துப் படுத்தால் கொஞ்சம் தேவலை போல இருக்கும். ஆனால் திரும்பினால் பெல்ட் நகர்ந்து பேப்பரில் கோடு விட்டுப்போகும், உடனே சிஸ்டர் சத்தம் போடுவார். கடைசியில் பிறப்புறுப்பின் வாயைக் கத்தரித்துத்தான் எடுத்தார்கள். தையல் ஆறும் வரை சம்மணம் போட்டு உட்கார முடியாது, பால் கொடுப்பதுகூட ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டுதான். குழந்தை நல்லபடியாகப் பிறந்ததே, அப்புறம் என்ன குறை என்றுதான் எல்லோரும் கேட்டார்கள்.

இரண்டாவது உண்டானபோது செக்கானூரணிப் பக்கம் குடிவந்திருந்தோம். தலைப்பிரசவம் தாய் வீட்டுச் செலவு, அடுத்தது மாமியார் வீட்டுப் பொறுப்பு என்பது எங்கள் வழக்கம். அதனால் மூத்தவளை அம்மா பார்த்துக்கொள்வது, என்னோடு ஆஸ்பத்திரிக்கு அத்தை வருவது என்று பேசி முடித்தார்கள். இந்த முறை அரசு மருத்துவமனை. சொந்தக்காரர்களில் பாதிப் பேர் முகம் சுளித்தார்கள். எனக்கும் உள்ளுக்குள் ஒரு உதறல் இருந்தது. வார்டில் அடிப்பார்கள், திட்டுவார்கள் என்று கேட்டே வளர்ந்தவர்கள்தானே நாம்.

எட்டாம் மாத செக்கப்பின்போது பிரசவ வார்டு ஸ்டாஃப் நர்ஸிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "சிஸ்டர், வலி வந்தா படுத்தேதான் இருக்கணுமா?"

"யாரும்மா படுக்கச் சொன்னா? நட, உக்காரு, குத்த வையி, சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நில்லு. தலை இறங்க வேணாமா?" என்றார், பேறுகால அட்டையில் எழுதிக்கொண்டே.

அதற்கு மேல் நான் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். பிரசவ அறைகளின் தரத்தை உயர்த்த மத்திய அரசு 2017ல் லக்‌ஷயா என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. துணைக்கு ஆள் வைத்துக்கொள்வது, தோதான நிலையில் இருப்பது, மரியாதையாக நடத்துவது எல்லாம் அதில் வருகிறது. துணைக்கு ஒரு பெண்ணை உள்ளே விடும் ஏற்பாடு தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் அதற்கும் வெகுமுன்பே, 2004லேயே வந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2018ல் வெளியிட்ட வழிகாட்டியிலும், பெண் தனக்கு எது வசதியோ அந்த நிலையில், நிமிர்ந்த நிலைகள் உட்பட, பிரசவிக்க ஊக்கப்படுத்த வேண்டும் என்றிருக்கிறது. இதெல்லாம் காகிதத்தில் இருப்பது. எந்த ஆஸ்பத்திரியில் எந்த அளவுக்கு நடக்கிறது என்பது அன்றைக்கு டியூட்டியில் இருப்பவரைப் பொறுத்தது. முன்கூட்டியே போய்க் கேட்டு வைக்கச் சொல்வது அதனால்தான்.

மல்லாக்கப் படுப்பதில் என்ன கெடுதல் என்பதையும் அவரே விளக்கினார். நிறைமாதக் கருப்பை நல்ல கனம். மல்லாந்து படுத்தால் அந்தக் கனம் முழுக்க முதுகெலும்பை ஒட்டிப் போகும் பெரிய ரத்தக்குழாயை அமுக்கும். கீழிருந்து இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும், அம்மாவுக்குத் தலை கிறுகிறுக்கும், குழந்தைக்குப் போகும் ரத்தமும் குறையலாம். இடது பக்கம் ஒருக்களித்துப் படு என்று மாசமாக இருப்பவர்களிடம் ஓயாமல் சொல்வது இதற்காகத்தான். இன்னொன்று, இடுப்பின் பின்பக்கத்து வால் எலும்பு பிரசவத்தின்போது கொஞ்சம் பின்னால் விலகிக் கொடுக்கும். அதன் மேலேயே படுத்துக்கொண்டால் எங்கே விலகுவது?

வீட்டில் பழகிப் பார்த்தேன். பந்து வேண்டும், விசேஷ நாற்காலி வேண்டும் என்று போனில் என்னென்னவோ காட்டினார்கள், ஒன்றும் வாங்கவில்லை. கைப்பிடி இல்லாத ஒரு நாற்காலியைத் திருப்பிப்போட்டு, சாய்மானத்தின் மேல் தலையணை வைத்து, அதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அடுப்படி மேடையில் முழங்கையை ஊன்றி இடுப்பை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். மூத்தவளுக்கு ஒரே சிரிப்பு, "அம்மா டான்ஸ் ஆடுது" என்று. முட்டி போட்டுக் கட்டில் மேல் கவிழ்வதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் சிமெண்டுத் தரையில் முட்டி சீக்கிரமே நோகும். பழைய சுங்குடிச் சேலை ஒன்றை நாலாக மடித்துப் போட்டதும் சரியாகிவிட்டது. அந்தச் சேலையைத்தான் முதல் ஆளாக ஆஸ்பத்திரிப் பையில் எடுத்து வைத்தேன்.

அத்தை இதையெல்லாம் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு இருந்தார். ஒருநாள், "எங்கம்மா என்னை உத்திரத்துல கட்டுன சேலையப் புடிச்சுக்கிட்டு முட்டி போட்டுத்தான் பெத்தாகளாம். நீ என்னமோ புதுசாப் படிக்கிற" என்றார். அடடா என்று கதை கேட்க உட்கார்ந்தேன். அதே உத்திரத்துக்குக் கீழே அத்தைக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை என்பதையும் அவர்தான் சொன்னார். அந்தக் காலத்தில் எல்லாமே சுகப்பிரசவம் என்று பெருமை பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன். ராத்திரி வலி கண்டது. சூட்டு வலியாக இருக்கும் என்று சீரகக் கசாயம் வைத்துக் கொடுத்தார் அத்தை. குடித்தும் அடங்கவில்லை, வரவர நெருங்கி வந்தது. 108க்குப் போன் போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது கர்ப்பப்பை வாய் நாலு சென்டிமீட்டர் திறந்திருப்பதாகச் சொன்னார்கள். ஐந்து சென்டிமீட்டருக்கு அப்புறம்தான் வேகம் பிடிக்குமாம். அதுவரை வராண்டாவில் நடந்தேன். வலி வரும்போது ஜன்னல் கட்டையைப் பிடித்துக் குனிந்துகொள்வது, விட்டதும் நடப்பது. வயிறு இறுகுவதைக் காட்டிலும் முதுகு பிளப்பதுதான் அதிகமாக இருந்தது, போன முறை மாதிரியே. பரிசோதித்த டாக்டரம்மா, குழந்தையின் முதுகு என் முதுகுப் பக்கம் திரும்பியிருக்கிறது, அதனால்தான் இடுப்பு வலி இவ்வளவு, பிரசவத்தின்போது பெரும்பாலும் திரும்பிவிடும் என்றார்.

இந்தப் பரிசோதனைக்கு மட்டும் மல்லாக்கப் படுக்கத்தான் வேண்டியிருந்தது. அந்தக் கொஞ்ச நேரத்திலேயே கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது, காது அடைத்தது. நர்ஸ் இடது பக்கம் புரட்டிவிட்டதும் தெளிந்தது. எட்டாம் மாதத்தில் கேட்ட ரத்தக்குழாய்ப் பாடம் அப்போது உடம்பில் புரிந்தது.

அப்புறம் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் சேலையை விரித்து முட்டி போட்டேன். கையும் முட்டியும் ஊன்றி, வயிறு கீழே தொங்குகிற மாதிரி. பார்க்க லட்சணமாக இருக்காது. வெட்கப்பட அங்கே நேரமும் இல்லை. அத்தை பல வருஷம் இட்லிக் கடை நடத்தியவர், கையில் நல்ல வலு. வலி தொடங்கும்போது நான் "ம்" என்றால் போதும், உள்ளங்கையின் அடிப்பகுதியை இடுப்புக்குக் கீழே, பிட்டத்துக்கு மேலே உள்ள எலும்பில் வைத்து, முழுப் பாரத்தையும் போட்டு அழுத்துவார். தேய்க்கக் கூடாது, தேய்த்தால் எரிச்சல்தான் வரும். ஒரே இடத்தில் வைத்த கையை எடுக்காமல், வலி வடியும் வரை அழுத்த வேண்டும். "இன்னும் கீழ, அத்தை" என்பேன், ஒரு விரல்கடை இறக்குவார். அந்த இடம் பிடிபட்டதும் வலி பாதியாகக் குறைந்தது என்றால் நம்புவீர்களோ மாட்டீர்களோ. கை எடுத்துவிட்டால் திரும்ப முழு வலி.

இடையிடையே நர்ஸ் வந்து டாப்ளரை வயிற்றில் வைத்துத் துடிப்பைக் கேட்டுவிட்டுப் போனார். முட்டி போட்டிருந்தபடியே, கீழிருந்து கையை விட்டு வைத்துக் கேட்டார், என்னைப் புரட்டவில்லை. எந்தச் சிக்கலும் இல்லாத பிரசவத்தில் கர்ப்பப்பை வாய் திறக்கும் முதல் கட்டத்தில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு தடவை, முக்கும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒரு தடவை இப்படிக் கேட்டால் போதும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பெல்ட் கட்டியே தீர வேண்டிய நிலைமைகள் வேறு இருக்கின்றன. ட்ரிப்ஸில் வலி ஏற்றினால் கூடுதல் கவனிப்பு தேவை என்பது எனக்கே தெரியும். ஆனால் எல்லோரையும் கட்டிப்போட வேண்டியதில்லை.

நிமிர்ந்து இருந்தால் சீக்கிரம் ஆகுமா என்று பலர் கேட்கிறார்கள். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2013ல் வெளியான காக்ரேன் தொகுப்பின்படி, முதல் கட்டத்தில் நடந்தோ நிமிர்ந்தோ இருந்தவர்களுக்கு அந்தக் கட்டம் சராசரியாக 1 மணி 22 நிமிடம் குறைந்திருக்கிறது. என்னால் அப்படி ஒப்பிட்டுச் சொல்ல முடியாது. இரண்டாவது பிரசவம் பொதுவாகவே வேகமாகத்தான் இருக்கும். அதோடு விடாமல் நிமிர்ந்தே இருக்கவும் முடியாது. நடுவில் கால் இரண்டும் வெடவெடவென்று நடுங்க ஆரம்பித்தது. அப்போது கட்டிலில் ஏறி இடது பக்கம் ஒருக்களித்து, முட்டிகளுக்கு நடுவே தலையணை வைத்துக் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். வலிக்கும் வலிக்கும் நடுவே தூக்கம் வரும் என்று அதற்கு முன் யாரும் சொன்னதில்லை.

ஒரு சமாச்சாரம் சொல்ல மறந்துவிடக் கூடாது. குத்தவைத்து உட்கார்ந்தால் தோதாக இருக்கிறது என்று கக்கூஸிலேயே உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் கதவைத் தட்டி, "தாழ்ப்பாள் போடாத. வெளிக்கிப் போற மாதிரி முட்டுச்சுன்னா உக்காந்து முக்காத, ஒரு சத்தம் குடு" என்றார். தலை இறங்கி அழுத்தும்போதும் அதே உணர்வுதான் வரும். இரண்டாவது பிரசவக்காரர்கள் கட்டாயம் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முக்கும் நேரம் வந்ததும் மேசையில் ஏறச் சொன்னார்கள். முட்டி போட்டே பெறத்தான் எனக்கு ஆசை. டாக்டரம்மா யோசித்துவிட்டு, அந்த மேசை அகலம் போதாது, விழுந்துவிட்டால் வம்பு. ஒருக்களித்து வேண்டுமானால் இரு என்றார். சரி என்றேன். இடது பக்கம் படுத்து, மேல்காலை மடக்கி, அதை அத்தை தூக்கிப் பிடித்துக்கொண்டார். மூச்சைப் பிடித்து எண்ணுகிற சமாச்சாரமெல்லாம் இல்லை. முட்டும்போது முக்கினேன், முட்டாதபோது சும்மா இருந்தேன். தலை தெரிகிறது என்றதும் "இப்ப முக்காத, வாயால ஊது" என்றார்கள். அந்த இடம்தான் சிரமம்; எரிகிற எரிச்சலுக்கு ஒரே தள்ளாகத் தள்ளிவிடத் தோன்றும். ஊதி ஊதி நிறுத்தினேன். தலை மெதுவாக வந்தது, அடுத்த வலியில் உடம்பு வந்துவிட்டது. பையன். துடைத்து நெஞ்சில் போட்டார்கள். கத்தரிக்கவில்லை. லேசாகக் கிழிந்த இடத்தில் சின்னத் தையல். மறுநாளே சம்மணம் போட்டு உட்கார்ந்து பால் கொடுத்தேன்.

ஒருக்களித்ததால்தான் பெரிதாகக் கிழியவில்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன். உட்கார்ந்தும் முட்டி போட்டும் பெறுவதில் கத்தரிக்கும் அவசியம் குறைகிறது, அதே நேரம் ரத்தப்போக்கு கொஞ்சம் கூடவும் வாய்ப்புண்டு என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. ரத்தசோகை உள்ளவர்கள் இதை டாக்டரிடம் பேசியே ஆக வேண்டும். நம் ஊரில் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. முதுகில் வலிமரப்பு ஊசி போட்டவர்களுக்குக் காலில் பலம் இருக்காது, நடக்க விடமாட்டார்கள். ரத்த அழுத்தம் எகிறியவர்கள், ரத்தப்போக்கு உள்ளவர்கள், குழந்தையின் துடிப்பு குறைகிறவர்கள் எல்லாம் டாக்டர் சொல்கிறபடிதான் இருக்க வேண்டும். ஆனால் அவர்களிலும் பலர் ஒருக்களித்துப் படுக்கலாம்.

இதைப் படித்துவிட்டு வீட்டிலேயே பெற்றுக்கொள்ளலாம் என்று தயவுசெய்து யாரும் கிளம்ப வேண்டாம். 2018ல் திருப்பூரில் வீட்டிலேயே பிரசவம் பார்த்து, ரத்தப்போக்கில் ஒரு தாய் இறந்துபோனது ஞாபகம் இருக்கும். பிள்ளை பிறந்ததும் எனக்குத் தொடையில் ஒரு ஊசி போட்டார்கள், கருப்பை சுருங்கி ரத்தம் நிற்பதற்கு. உத்திரத்துச் சேலை நமக்கு வேண்டும்தான், அந்த ஊசியும் வேண்டும்.

போன மாதம் என் சித்தி மகள் போன் பண்ணியிருந்தாள். அவளுக்கு இப்போது ஏழாம் மாதம், தனியார் மருத்துவமனையில் பார்க்கிறாள். நான் சொல்லிக்கொடுத்தபடி டாக்டரிடம் கேட்டிருக்கிறாள்: நடக்கலாமா, அம்மா கூட இருக்கலாமா, பெல்ட் எவ்வளவு நேரம், கடைசியில் ஒருக்களித்துப் படுக்கலாமா. டாக்டர், "ரூம்ல நீ எப்படி வேணாலும் இரு. டேபிள்ல மட்டும் நான் சொல்ற மாதிரி" என்றாராம். அவளுக்கு மூஞ்சி வாடிப்போயிற்று. எனக்கென்னவோ இது மோசமான பேரம் இல்லை என்றுதான் தோன்றியது. மேசையில் இருப்பதைவிட ரூமில் இருக்கிற நேரம்தான் ரொம்ப ரொம்ப அதிகம். மேசை விஷயத்தை ஒன்பதாம் மாதம் இன்னொரு தடவை கேட்டுப் பார் என்று சொல்லியிருக்கிறேன். சித்திக்கு இடுப்பில் எந்த இடத்தில் கை வைத்து அழுத்த வேண்டும் என்று காட்டிக்கொடுக்க, இந்த ஞாயிற்றுக்கிழமை அத்தையையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.