அரைச் சுத்து

"எவ்வளவு திருகினீங்க தம்பி?"

"அரைச் சுத்துண்ணே."

ஃபிளை ஆஷ் (அனல் மின் நிலையச் சாம்பல்) கல் அடிக்கிற பிரஸ்ஸின் பவர்பேக், அதாவது மோட்டார், பம்ப், எண்ணெய் டேங்க் எல்லாம் சேர்ந்த பெட்டி, அதன் ஓரமாக நின்று ஆபரேட்டரும் ரிப்பேருக்குப் போன நானும் பேசிக்கொண்டது இவ்வளவுதான். நான் பொய் சொல்லவில்லை. ரிலீஃப் வால்வின் ஸ்க்ரூவில் ஆலன் கீ அரைச் சுத்துதான் போனது. 150 பாரைத் (எண்ணெய் அழுத்தத்தின் அளவு) தாண்ட மாட்டேன் என்று நின்ற கேஜ் முள் 180-க்கு ஏறியது. கட்டைவிரலால் அழுத்தினாலே முனை உதிர்ந்துகொண்டிருந்த கல், அடுத்த அடியிலேயே கெட்டியாக வந்தது. மதியம் ஒன்றரைக்குப் போனவன் இரண்டேகாலுக்குக் கிளம்பிவிட்டேன்.

அவர் பார்த்தது நான் திருகியதை. அதற்கு முன்னால் ரிலீஃப் வால்விலிருந்து டேங்குக்குத் திரும்புகிற பைப்பில் நான் கை வைத்துப் பார்த்ததை அவர் கவனிக்கவில்லை, நானும் சொல்லவில்லை. திருகியது கடைசி வேலை. கை வைத்ததுதான் வைத்தியம்.

ரிலீஃப் வால்வு என்பது ஸ்பிரிங் அழுத்திப் பிடித்திருக்கும் ஒரு கதவு. வைத்த பிரஷரைத் தாண்டினால் திறந்து எண்ணெயை டேங்குக்கே அனுப்பிவிடும். அந்த ஸ்பிரிங்கை இறுக்கும் ஸ்க்ரூ நகராமல் பிடிக்கிற லாக் நட் மெஷின் அதிர்வில் தளர்ந்தால் செட்டிங் தானாக இறங்கும். அப்போது கல்லை அழுத்த வேண்டிய எண்ணெய் பாதி வழியிலேயே வீட்டுக்குத் திரும்புகிறது. நிமிடத்துக்கு 40 லிட்டர் தள்ளும் பம்ப், 180 பாரில் முழுவதும் ரிலீஃப் வழியாகப் போனால் 12 கிலோவாட் வெறும் சூடாக மாறும். 40-ஐ 180-ஆல் பெருக்கி 600-ஆல் வகுத்தால் வருகிற கணக்கு. அந்த எண்ணெய் வால்வைத் தாண்டும்போதே ஏறக்குறைய 10 டிகிரி கூடுதலாகச் சூடேறும். அதனால்தான் அந்த ஒரு பைப் மட்டும் மற்றவற்றைவிடச் சுடும். அன்று சுட்டது. திருகி, லாக் நட்டை இறுக்கினேன். சரியான வேலைதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

பெரும்பாலும் நினைக்கிறேன்.

ஏனென்றால் பிரஷர் குறைகிறது என்றதும் முதலில் தொட வேண்டியது ரிலீஃப் வால்வே அல்ல. முதலில் டேங்கில் எண்ணெய் அளவு. அடுத்து அதன் நிறம்: பால் மாதிரி வெளுத்து அப்படியே நின்றால் தண்ணீர், மெஷினை நிறுத்திச் சற்று நேரத்தில் தெளிந்தால் காற்று. பம்பில் கூழாங்கல் உருள்கிற சத்தம் கேட்டால் பம்ப் எண்ணெய் உறிஞ்சுகிற வாயில் இருக்கும் வடிகட்டி, சக்ஷன் ஸ்ட்ரெய்னர், அடைத்திருக்கிறது. சாம்பல் பறக்கிற இடத்தில் இதற்குத்தான் முதல் சந்தேகம். சிலிண்டர் நீளும்போதெல்லாம் டேங்கில் எண்ணெய் இறங்கி, டேங்க் மூச்சு விடுகிற துளையான பிரீதர் வழியாகக் காற்று உள்ளே வரும். பிரீதர் மூடி தொலைந்திருந்தால் சாம்பலும் கூடவே வரும். எத்தனையோ பவர்பேக்கில் அந்த மூடிக்குப் பதில் சாக்குத் துணி கட்டியிருக்கிறார்கள். அதைக் கட்டியவரைக் கேட்டால் "தூசி போகாதுல்ல" என்பார்.

பிறகுதான் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பது. மோட்டாரை நிறுத்தி, பிரஷரை இறக்கிவிட்டு, ரிலீஃப் வால்வுக்கு அடுத்த லைனைக் கழற்றி பிளக் போட வேண்டும். ஸ்க்ரூவை முழுக்கத் தளர்த்திவிட்டு மோட்டாரை ஓட்டி, கேஜைப் பார்த்துக்கொண்டே மெதுவாக இறுக்கினால் பிரஷர் ஏற வேண்டும். ஏறினால் பம்பும் வால்வும் நல்லவை, கோளாறு பிளக்குக்கு அந்தப் பக்கம். சிலிண்டர் சீல் மேல் சந்தேகம் என்றால் பிஸ்டனைக் கடைசி வரை நீட்டி நிறுத்து, பிரஷரை இறக்கு, திரும்பும் பக்கத்து ஹோஸைக் கழற்றி அதன் வாயைப் பிளக்கால் மூடு. பிறகு நீட்டும் பக்கம் பிரஷர் கொடு. திறந்த துளையில் எண்ணெய் விடாமல் வழிந்தால் பிஸ்டன் சீல் போய்விட்டது. இதற்கெல்லாம் அரை நாள் ஆகும். அரைச் சுத்துக்கு ஐந்து நிமிடம். அவர் எதைப் பிடித்துக்கொள்வார்?

சில மாதம் கழித்து வெயில் ஏறிய ஒரு மதியம் முள் மறுபடி 120-இல் நின்றது. அவர் அரைச் சுத்துத் திருகினார். ஏறவில்லை. இன்னொரு அரை. அதற்கு மேல் இன்னொன்று. அன்று முழுக்க ஏறவே இல்லை. இரவு எண்ணெய் ஆறியது. காலையில் முதல் அடியிலேயே முள் 250 கோட்டைத் தாண்டி முட்டி நின்றது, ஹோஸ் கிரிம்ப் போட்ட (முனையில் இரும்பு வளையத்தை நசுக்கிப் பிடித்த) இடத்தில் பிய்த்துக்கொண்டது. எண்ணெய் கூரைத் தகரம் வரை அடித்திருந்தது. அந்தப் பக்கம் யாரும் நிற்கவில்லை.

பம்பைப் பிரித்தபோது காரணம் தெரிந்தது. கியரின் பக்கத் தகடுகளைச் சாம்பல் கீறியிருந்தது, நகத்தில் தட்டுப்படுகிற அளவுக்கு. கிரேடு 68 எண்ணெய் என்றால் அந்த 68 அதன் கெட்டித்தன்மை, அதுவும் 40 டிகிரியில்தான். 70 டிகிரிக்குப் போனால் தண்ணீராக இளகிவிடும், அந்தக் கீறல் வழியாகவே பம்புக்குள் கசிந்து பின்னால் போகும். ரிலீஃபை எவ்வளவு இறுக்கினாலும், உருவாகாத பிரஷரை அது கூட்டித் தராது. காலையில் எண்ணெய் கெட்டியாக இருக்கும்போது கசிவு குறையும், பிரஷர் முழுசாக எழும், முந்தின நாள் இறுக்கிய இறுக்கெல்லாம் அப்போதுதான் கணக்குக்கு வரும். 200 மில்லிமீட்டர் சிலிண்டர் 180 பாரில் 58 டன் அழுத்தும். 260-இல் 83 டன். முக்கால் இன்ச் இரட்டைக் கம்பி ஹோஸின் வேலைப் பிரஷர் 215 பார்தான். புதுசு அதைப்போல நாலு மடங்கு தாங்கித்தான் கிழியும் என்பார்கள், ஆனால் ரப்பர் வெடித்துக் கம்பி துருப்பிடித்த ஹோஸுக்கு அந்தக் கணக்கு செல்லாது.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் நான் மட்டும் என்ன செய்திருக்க முடியும்? ஒரு லோடு கல்லுக்கு வண்டி வாசலில் நிற்கிறபோது, இது இந்த ஸ்பிரிங்குக்கு மட்டும், இத்தனை சுத்துக்கு இத்தனை பார் என்று பொதுக் கணக்கு கிடையாது என்றெல்லாம் பாடம் நடத்தினால் யார் கேட்பார்கள்? ஆத்தங்குடிப் பூக்கல்லுக்குக் கண்ணாடியும் கைப்பழக்கமும் போதும், கை தப்பினால் போவது ஒரு கல். இங்கே அப்படி இல்லை என்பதை அவரும் தெரிந்துதானே வைத்திருக்க வேண்டும்? இப்படி யோசித்து முடிக்கும்போது, "அரைச் சுத்துண்ணே" என்று சொல்வதற்குப் பதில் "லாக் நட் லூஸா இருந்துச்சுண்ணே" என்று சொல்லியிருக்கலாமே என்று தோன்றும். அதற்கும் அதே ஒரு மூச்சுதான் ஆகியிருக்கும்.

புதுப் பம்ப் மாட்டிய அன்று அவரிடம் சொன்னேன். பிரஷர் குறைந்தால் ஸ்க்ரூவைத் தொடாதீங்க, முதலில் இந்தப் பைப்பில் கை வைங்க, இது மட்டும் சுட்டால்தான் ரிலீஃப் என்று. செட் செய்து லாக் நட்டின் மேல் சிவப்புப் பெயின்டால் கோடும் போட்டுவிட்டேன்.

அவர் கையை வைத்தார். பக்கத்துப் பைப்பில் வைத்தார். டேங்கின் மேலும் வைத்துப் பார்த்தார்.

"இப்பச் சரி தம்பி. காலையில ஓட்டினதும் பார்த்தா தெரியும். மத்தியானத்துல எல்லாப் பைப்பும்தானே சுடும்?"

சரிதான். எண்ணெய் 70-ஐத் தொட்ட பிறகு 10 டிகிரி வித்தியாசம் வெறும் கைக்குத் தெரியாது; எதைத் தொட்டாலும் கையை எடுத்துவிடத்தான் தோன்றும். மெஷின் ஓடத் தொடங்கிய முதல் பத்து நிமிடத்தில்தான் அதைப் பார்க்க வேண்டும்.

அன்று நான் போனது மதியம் ஒன்றரைக்கு.