கையை ஊன்றாமல்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குலசாமி கோயிலில் கிடாவெட்டு. பந்திப்பாய் விரித்து இலை போட்டார்கள். நானும் போய்ச் சப்பணம் போட்டு உட்கார்ந்தேன். சாப்பிட்டு முடித்து, இலையை மடித்துவிட்டு, கையைத் தரையில் ஊன்றாமல் எழுந்தேன். நடந்தது அவ்வளவுதான். இதை எழுதிவிட வேண்டும் என்று நான்கு நாளாக மனசு கிடந்து துடிக்கிறது.

பதினான்கு மாதத்துக்கு முன்னால் என் எடை 121 கிலோ. இப்போது 76. நான் செய்துகொண்டது ஸ்லீவ் ஆபரேஷன். வயிற்றில் சின்னச் சின்னதாகத் துளை போட்டு, இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழம் மாதிரி ஒடுங்கலாக விட்டுவிடுவார்கள். பசியைத் தூண்டுகிற கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது அந்த வெட்டி எடுக்கிற பகுதியில்தானாம், அதனால் முதல் சில மாதம் எனக்குப் பசி என்றால் என்னவென்றே மறந்துபோனது. வலி, வாந்தி, நாலாவது மாதம் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டி நான் அழுதது, அதையெல்லாம் இன்னொரு நாள் எழுதுகிறேன். இன்றைக்குச் சந்தோஷம் மட்டும்.

உடம்பு கனத்தவர்களுக்குத்தான் தெரியும், வெளியே கிளம்பும் முன் எவ்வளவு கணக்குப் போட வேண்டும் என்று. மண்டபத்தில் கைப்பிடி வைத்த நாற்காலியா, வைக்காததா? மாடியா, கீழ்த்தளமா? ஷேர் ஆட்டோவில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர் முகம் சுளிப்பாரா? ஒரு கல்யாணத்தில் நான் உட்கார்ந்த பிளாஸ்டிக் நாற்காலி காலை விரித்துக்கொண்டு சாய்ந்துவிட்டது, அதற்கப்புறம் ஆறு வருடம் எந்த விசேஷத்துக்குப் போனாலும் மொய் எழுதிய கையோடு "வயிறு சரியில்லை" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவேன். ஆனால் குலசாமி கோயிலில் அப்படி நழுவ முடியாது. அங்கே எனக்கு மட்டும் ஓரமாக ஒரு நாற்காலி, மடியில் தட்டு. பங்காளி வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் தரையில் வரிசையாக உட்கார்ந்து பேசிச் சிரித்துக்கொண்டு சாப்பிட, நான் ஒருத்தி அவர்கள் தலைக்கு மேலே. யாரும் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை. ஆனாலும் அந்தச் சோறு எந்த வருடமும் எனக்குத் தொண்டையில் இறங்கியதில்லை.

இந்த வருடம் மகளுக்கும் அத்தைக்கும் நடுவில் என் இலை. முதலில் கறி, சோறு கடைசியில்தான், ஏனென்றால் ஒரு நாளைக்கு 60 கிராமாவது புரதம் போக வேண்டும், உள்ளே இடமோ கொஞ்சம்தான். ஒவ்வொரு வாயும் கூழாகும்வரை மென்றேன். தண்ணீர் கூடவே குடிக்கக் கூடாது, அரை மணி நேரம் போக வேண்டும். "என்ன தாயி, குருவி கொத்துறாப்புல தின்னுக்கிட்டிருக்க" என்று அத்தை மனசு கேட்காமல் ஒரு ஈரல் துண்டை என் இலையில் வைத்தார். "போதும் அத்தை, நெறஞ்சிருச்சு" என்றேன். மூன்று துண்டு கறி, இரண்டு கை சோறு, அதற்கு மேல் முடியாது. ஆனால் பந்தியில் மற்றவர்கள் முடிக்கும் முன் எழுந்திருக்கக் கூடாதல்லவா, அதனால் என் இலை காலியான பிறகும் அவர்களோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருந்திருப்பேன்.

அப்புறம் பழனி. தைப்பூசக் கூட்டமெல்லாம் வடிந்த பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் போனோம். இத்தனை வருடமும் வின்ச் வரிசையில் நின்றுதான் மேலே போயிருக்கிறேன். மகள் அன்றைக்கும், "வின்ச்லயே போயிரலாமாம்மா?" என்றாள். வேண்டாம் என்றேன். யானைப்பாதையும் வேண்டாம், படிதான். பாத விநாயகருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு ஏற ஆரம்பித்தோம், 693 படி. எனக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்த பிசியோதெரபி அம்மா ஒரு கணக்குச் சொல்லியிருந்தார்: உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், எடுத்து வைக்கிற ஒவ்வொரு எட்டிலும் முழங்காலுக்கு நான்கு கிலோ பாரம் குறையுமாம். 45 கிலோவுக்கு 180. இடும்பன் சன்னதியில் உட்கார்ந்து ஒவ்வொரு மடக்காகத் தண்ணீர் குடிக்கும்போது அதைத்தான் நினைத்தேன், இத்தனை வருடம் இதையா சுமந்தாய் என்று முழங்காலைத் தடவிக் கொடுத்தேன். ஒரு மணி பத்து நிமிடத்தில் மேலே வந்துவிட்டோம். கீழே வையாபுரிக் குளம், அந்தப் பக்கம் கொடைக்கானல் மலை, முகத்தில் காற்று. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், நானும்தான். பஞ்சாமிர்தம் ஒரே ஒரு ஸ்பூன். இனிப்பு அதிகமானால் எனக்குப் படபடத்து வியர்த்துவிடும். அந்த ஒரு ஸ்பூனை நாக்கிலேயே வைத்துக் கரைத்தேன்.

இன்னும் எத்தனையோ. வாசலில் குந்தி உட்கார்ந்து கோலம் போடுகிறேன். குனிந்து என் மெட்டியை நானே போட்டுக்கொள்கிறேன், பத்து வருடமாக என் வீட்டுக்காரர்தான் போட்டுவிடுவார். டவுன் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் மூன்றாவது ஆளாக உட்காருகிறேன், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆபரேஷன் யோசனையில் இருக்கிறவர்கள் என்னிடம் எத்தனை கிலோ குறையும் என்றுதான் கேட்கிறார்கள். நான் அவர்களிடம், உங்களால் முடியாமல் போனதையெல்லாம் முதலில் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள் என்கிறேன். மாதக்கணக்கில் எடை இறங்காமல் அப்படியே நிற்கிற காலம் ஒன்று வரும், மிஷின் முள்ளைப் பார்த்தால் மனசு விட்டுப்போகும். எனக்கு அப்போது அந்த நோட்டுதான் துணை. என் நோட்டில் தரைப்பந்தி, பழனிப் படி, மெட்டி மூன்றையும் அடித்தாயிற்று.

அடுத்த வாரம் செக்கப்புக்குச் சென்னை போகிறேன், பி12, இரும்புச்சத்து எல்லாம் ரத்தத்தில் பார்க்க வேண்டும், மாத்திரையும் ஆயுசுக்கும் தொடர வேண்டும். திண்டுக்கல்லிலிருந்து பாண்டியன் எக்ஸ்பிரஸ். எப்போதும் கீழ் பெர்த் கேட்டுக் கெஞ்சுவேன், கிடைக்காவிட்டால் வயதானவர்களிடம் போய் மாற்றிக் கேட்கக் கூசும். இந்த முறை டிக்கெட் போடும்போதே மேல் பெர்த் என்று நானே கேட்டுப் போட்டேன். கிடைத்துவிட்டது, 19ஆம் நம்பர்.