காலையில் கல், மதியம் கூழ்: வசந்தகால மலைப்பாதை

அடிவாரத்தில் புல் துளிர்த்துவிட்டது, வெயிலும் இதமாக அடிக்கிறது. ஆனால் மேலே இன்னும் குளிர்காலம் முடிந்திருக்காது. 600 மீட்டர் ஏறுவதற்குள் வெப்பநிலை சுமார் 4 டிகிரி இறங்கிவிடும். வட அரைக்கோளத்தில் வடக்கு பார்த்த சரிவுகளில் வெயில் குறைவாகப் படுவதால், தெற்குப் பக்கம் காய்ந்து வாரக்கணக்கான பிறகும் அங்கே பனி கிடக்கும்.

அரை நாள் நடைதானே என்று ஒன்பது மணிக்குக் கிளம்புவதுதான் பெரிய தவறு. பகலில் உருகிய பனி இரவில் மறுபடி இறுகும். அதனால் விடிகாலையில் பாதை கல் மாதிரி இருக்கும்; வழுக்கும், ஆனால் பாரம் தாங்கும். வெயில் ஏற ஏற மேலோடு இளகி, மதியத்தில் கால் முழங்கால் வரை புதையும். போகும்போது சுலபமாக ஏறிய இடம் திரும்பும்போது உயிரை வாங்கும். விடியும்போதே கிளம்பி, பனி கிடக்கும் பகுதியை இரு வழியும் மதியத்துக்கு முன் கடந்துவிட வேண்டும். முந்தைய இரவு வானம் தெளிவாக இருந்ததா என்றும் பாருங்கள். மேகம் மூடிய இரவில் பனி சரியாக இறுகாது. காலையிலேயே கூழாகத்தான் இருக்கும்.

குளிர்காலம் முழுக்க ஆட்கள் மிதித்து மிதித்து இறுகிய பனி, பாதை நடுவே ஓர் அடி அகல வரப்பாக நிற்கும். கடைசியாக உருகுவது அதுதான். அதன் மேலேயே நடங்கள். பக்கத்தில் கால் வைத்தால் தொடை வரை உள்ளே போகும். பாறையையும் மரத்தடியையும் ஒட்டிக் கால் வைக்கவே கூடாது. வெயிலில் சூடான பாறை, தன்னைச் சுற்றியுள்ள பனியை அடியில் உருக்கிக் குடைந்திருக்கும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே சிக்கிய காலை வெடுக்கென்று இழுத்தால் கணுக்கால் பிசகும், முன்னங்கால் எலும்பு பாறையில் உரசும். ஓர் எட்டு தள்ளியே கடந்து போங்கள்.

ஓடைகளுக்கும் இதே கடிகாரம்தான். பகல் முழுக்க உருகிய நீர் பிற்பகலில் வந்து சேரும். காலையில் கல்லுக்குக் கல் தாவிக் கடந்த ஓடை, திரும்பும்போது முழங்காலளவு ஓடும். அகலமான இடத்தில்தான் ஆழமும் வேகமும் குறைவு. பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட்டு, ஷூவோடு, நீர் வரும் திசையைப் பார்த்துப் பக்கவாட்டில் அடி எடுத்து வையுங்கள். ஓடை மேல் பாலம் போல மூடிய பனி நடுவில் தொய்ந்தோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் அதில் ஏற வேண்டாம்.

ஷூவில் மாட்டும், சிறு உலோகப் பற்கள் கொண்ட மைக்ரோஸ்பைக், மிதமான சரிவில் இறுகிய பனிக்குப் போதும். ஈரப்பனியில் பற்களுக்கு நடுவே பனி உருண்டையாக ஒட்டிக்கொள்ளும். கம்பால் தட்டிவிட்டுக்கொண்டே நடக்க வேண்டும். வழுக்கினால் கீழே பாறையில் போய்த்தான் நிற்போம் என்ற அளவுக்குச் செங்குத்தான சரிவில் அதை நம்பாதீர்கள். அங்கே கிராம்பானும் (ஷூவில் மாட்டும் நீண்ட கூர்முனைகள்) ஐஸ் ஆக்ஸும் (பனியில் குத்திப் பிடிக்கும் கோடரி), அவற்றைக் கையாளும் பயிற்சியும் வேண்டும். இல்லையென்றால் திரும்பிவிடுங்கள்.

சேறு வந்தால் நடுவிலேயே மிதித்துப் போங்கள், தயவுசெய்து. ஓரமாக ஒதுங்கி நடந்தால் ஈர மண்ணில் செடிகள் வேரோடு நசுங்கும். பாதை வருடா வருடம் அகலமாகிக்கொண்டே போகும். கெய்ட்டர் (ஷூவுக்குள் பனி புகாமல் கணுக்காலை மூடும் உறை), மாற்றுச் சாக்ஸ், கையுறை, கூலிங் கிளாஸ், ஹெட்லாம்ப் பையில் இருக்கட்டும். பருத்தி உடை நனைந்தால் லேசில் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். அதைத் தவிர்ப்பது நல்லது.

நேரத்துக்கு, ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் உதவும்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். 8 கிலோமீட்டர், 600 மீட்டர் ஏற்றம் என்றால் சுமார் 2 மணி 36 நிமிடம். இளகிய பனியில் இதை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதை அடிவாரத்திலேயே முடிவு செய்யுங்கள். அதற்கு முன்பே அடுத்தடுத்து கால் முழங்கால் வரை புதைய ஆரம்பித்தால், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் அங்கிருந்தே இறங்கிவிட வேண்டும்; அடுத்த ஒரு மணி நேரத்தில் அதே இடம் இன்னும் இளகியிருக்கும்.